மதினி என்று அழைத்த வீடு

போன மாதம் நடிகர் சங்கக் கட்டடத்தில் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. கதாநாயகனுக்கு அம்மாவாக நடிக்கக் கூப்பிடுகிறார்களாம். அந்தக் கதாநாயகனுக்கு நாற்பது தாண்டிவிட்டதாம். ஒத்துக்கொள்ளலாமா, ஒத்துக்கொண்டால் அப்புறம் காலம் முழுக்க அம்மாதானா என்று கேட்டாள். நின்றுகொண்டே சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. எழுதித் தருகிறேன் என்றேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நான் எழுதியதை வேறொருவர் பிழை திருத்தித் தந்திருக்கிறார். அவளுக்காக எழுதினாலும், அத்தை, வேலைக்காரி, பிச்சைக்காரி என்று வேஷம் கட்ட வந்திருக்கிற நீங்கள் எல்லோரும் படிக்கலாம்.

எனக்கு ஊர் வருசநாட்டுப் பக்கம். என்னைப் பெற்ற மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். அப்பா மாடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போனால் எப்போது வருவார் என்று தெரியாது. சித்தப்பா வீட்டில் சில நாள், அத்தை வீட்டில் சில நாள் என்று வளர்ந்தேன். பதினாறு வயதில், வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்திருந்த நாடகக் கம்பெனியின் வண்டியில் ஏறிப் போய்விட்டேன். ஓடிப்போய்விட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். யாராவது பிடித்து வைத்திருந்தால்தானே ஓடுவதற்கு.

முதல் வருஷம் துணி மடித்தேன், தண்ணீர் சுமந்தேன், நான்கு தோழிகளில் ஒருத்தியாக நின்றேன். கம்பத்தில் முகாம் போட்டிருந்தபோது, அம்மா வேஷம் கட்டுகிற பெண்ணுக்கு மலைக்காய்ச்சல் கண்டுவிட்டது. வசனம் முழுவதும் எனக்கு மனப்பாடம். முகத்தில் கோடு போட்டு, தலையில் வெள்ளை பூசி அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த கிழவி கூனிக் குறுகித் தலையை ஆட்டுகிறவள். நானும் கூனினேன், ஆட்டினேன். மகன் செத்த காட்சியில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கோழி மாதிரி எதைக் கொத்துகிறாள் என்று முன்னால் இருந்து ஒருத்தி கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

அடுத்த முகாம் தேனி. சந்தை நாளில் போய், புளி விற்கிற ஒரு கிழவிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். காலையிலிருந்து மத்தியானம் வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன ஆத்தா இப்பிடிப் பாக்குற? என்னையப் பொண்ணு பாக்க வந்தியா? எனக்குப் பேரன் பேத்தி எடுத்தாச்சு."

நாடகத்தில் கிழவியாக நடிக்க வேண்டும், அதற்காகப் பார்க்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவள் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு, இந்தக் கூத்தைக் கேள், கிழவியாக இருப்பதற்கும் பள்ளிக்கூடம் வைத்துவிட்டார்களாம் என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு என்னைக் கண்டுகொள்ளவில்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அன்று நான் பார்த்தது இதுதான். கிழவிகள் நடக்கும்போது கிழவிகளாக இல்லை. தலையில் சுமையை ஏற்றிவிட்டால் என்னைவிட நேராக நடந்தார்கள். உட்காரும்போதுதான் வயது தெரிந்தது. முழங்காலில் கையை ஊன்றி, கீழே தரை இருக்கிறதா என்று சந்தேகப்படுகிற மாதிரி ஒரு கணம் நின்று, பிறகு உடம்பை விட்டார்கள். கேள்வி கேட்டால் முகத்தைத் திருப்பவில்லை, காதைத் திருப்பினார்கள். பேச ஆரம்பிக்கும் முன் சின்னதாக ஒரு மூச்சு விட்டார்கள். அதற்குப் பிறகு நான் கூனவே இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. காய்ச்சல் தேறி வந்த பெண்ணுக்கு வேறு வேஷம் கொடுத்துவிட்டு, அம்மா வேஷத்தை எனக்கே வைத்துவிட்டார்கள்.

இருபது வயதில் மயிலாடும்பாறையில் ஒரு சம்பவம். உட்கார இடம் பிடிப்பதில் கீழத்தெருக்காரர்களுக்கும் மேலத்தெருக்காரர்களுக்கும் தகராறு மூண்டது. கம்புகள் மேலே எழுந்தன. மேடையில் என் மகன் செத்துக் கிடக்கிறான், நான் அழ வேண்டும். திரையை விடு, சாமான்களைக் கட்டு என்று உள்ளேயிருந்து கம்பெனி முதலாளி கத்துகிறார். திரை இறங்கினால் கூட்டம் மேடைமேல் ஏறும், விளக்குகள் உடையும், பந்தல் பற்றிக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றியது. நான் கத்தவில்லை. மேடை விளிம்புக்குப் போய், முழங்காலில் கை ஊன்றி மெள்ள உட்கார்ந்தேன். முன்னால் கம்போடு நின்றவனைப் பார்த்துச் சொன்னேன்.

"ஏலே, எனக்கு மகன் செத்துக் கெடக்கான். ஒங்க சண்டைய நாளைக்கு வச்சுக்கங்க. இப்ப ஒக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நாடகம் முடிந்தபின் ஐம்பது வயது ஆள் ஒருவர் வந்து, மனசில் வைத்துக்கொள்ளாதே ஆத்தா என்று என்னிடம் கைகூப்பினார்.

அதுவரை என் பேச்சை யாரும் கேட்டதில்லை. இருபது வயதுப் பெண்ணாக நான் சொல்லியிருந்தால் ஒரு நாய்கூட உட்கார்ந்திருக்காது. நெருக்கடி வந்தால் வேஷத்தை விட்டு வெளியே வராதே என்பதுதான் அன்று நான் கற்றுக்கொண்டது. மேடையில் இன்றைக்கும் அது சரி. உங்களுக்கும் அதையே சொல்வேன். ஆனால் அது பாதிப் பாடம் என்பது எனக்கு நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

இதற்கிடையில் என் வயதுப் பெண்கள்கூட என்னை ஆத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். ஊர்ப் பெண்கள் வந்து மாமியார் கொடுமையைச் சொல்லி வழி கேட்பார்கள். நானும் சொல்வேன். கம்பெனியில் மற்றப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் போனால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அப்படி மாற்றாமல் பேசியவர் ஒருவர்தான். எங்கள் கம்பெனியில் மிருதங்கம் வாசித்தவர். காமயகவுண்டன்பட்டியில் நெல்லும் தென்னையும் உள்ள விவசாய வீடு. அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வாசிக்க வந்தவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். முகத்தைக் கழுவிவிட்டு வந்தால்தான் என்னோடு பேசுவார். வெள்ளை பூசிய தலையோடு போனால், போ, போய்க் கழுவிவிட்டு வா, கிழவியோடு எனக்கென்ன பேச்சு என்பார்.

யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு வந்தது. விளக்கு இல்லாமல் என்ன நாடகம்? திண்டுக்கல்லில் கம்பெனி கலைந்தது. அவர் ஊருக்குக் கிளம்பும்போது, தை அறுப்புக்குள் அம்மாவிடம் சொல்லி நம் கல்யாணத்துக்குச் சம்மதம் வாங்கிவிடுவேன், என்னிடமிருந்து ஆள் யாரும் வராவிட்டால் நீயே வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு விலாசம் இல்லை. ஆகையால் கடிதம் பற்றி இருவரும் பேசவில்லை.

அவர் போன ஒரு வாரத்தில், எங்கள் நாடகத்தை முன்பு பார்த்திருந்த ஒருவர் சேலத்தில் டாக்கி என்கிற பேசும் படம் எடுக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். அம்மா வேஷம். கதாநாயகனுக்கு என்னைவிடப் பதினைந்து வயது அதிகம். சோதனையாக ஒரு துண்டு எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். டைரக்டர் நல்ல மனுஷர். நடை சரி, உட்காருவது சரி, முகமும் சரி, ஆனால் வாயைத் திறந்தால் குமரி தெரிகிறாள் என்றார். என் பல் வரிசை அப்படி. மேடையில் தூரத்துச் சனத்துக்குத் தெரியாதது, அங்கே முகம் பெரிதாக வந்தபோது தெரிந்துவிட்டது. கறுப்பு மெழுகு ஒட்டினார்கள். அந்த விளக்குச் சூட்டில் உருகி உதட்டில் வழிந்தது. யுத்தத்தால் பிலிம் கிடைக்காத காலம். ஒரு காட்சியை இரண்டாம் தடவை எடுக்க யோசிப்பார்கள். ஏதாவது வழி பார், இல்லையென்றால் நாளை மறுநாள் வேறொரு அம்மாவை வரவழைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குத் திரும்பிப் போகக் கம்பெனி இல்லை. தைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. மூன்று மாதம் எங்கே தங்குவது, எதைச் சாப்பிடுவது? அன்று சாயங்காலம் கடைவீதியில் இருந்த சீனாக்காரப் பல் வைத்தியரிடம் போனேன். மேல் வரிசையில் முன்பல் நான்கையும் எடுத்துவிடச் சொன்னேன். அவர் ஒவ்வொரு பல்லையும் தட்டிப் பார்த்தார்.

"நல்ல பல். ஏன் புடுங்கணும்?"

"சினிமாவுக்கு."

"கூட யாரு வந்திருக்கு?"

புருஷன் வெளியே நிற்கிறார் என்றேன். அவர் எட்டிப் பார்த்தார். வாசலில் யாரோ ஒரு ஆள் சைக்கிளில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். வைத்தியர் அவனைப் பார்த்துத் தலையாட்டினார். அவனும் எதற்கென்று தெரியாமல் தலையாட்டினான். வைத்தியர் வேலையை ஆரம்பித்தார். ஈறு ஆறிய பிறகு கட்டுப்பல் வைத்துத் தருவதாகவும், அப்போதும் புருஷனைக் கூட்டிவரும்படியும் சொன்னார்.

மறுநாள் டைரக்டர் என் வாயைப் பார்த்தார். நான் பிடுங்கச் சொல்லவில்லையே அம்மா என்றார். பிறகு விளக்கைப் போடச் சொன்னார். வீங்கிய வாயோடு நான் பேசிய முதல் காட்சி ஒரே தடவையில் முடிந்தது. படம் எடுத்து முடிக்கும் வரை கட்டுப்பல் கட்டக்கூடாது என்று சொன்னார்கள். சரி என்றேன்.

தை மாதத்தில் ஒரு வாரம் படப்பிடிப்பு இல்லை. யாரும் என்னைத் தேடி வந்திருக்க முடியாது, நான் இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது. ஆகவே நானே கிளம்பினேன். கல்யாணம் பேசப் போகிறோம் என்று ஒரு புதுப்புடவை எடுத்தேன். ஆனால் அதைக் கட்டிக்கொள்ளவில்லை. பழையதைக் கட்டி, வாயை மறைக்கத் தலையோடு முக்காடு போட்டுக்கொண்டேன். முதலில் அவரிடம் பேசலாம், பல் விஷயத்தைச் சொல்லலாம், பிறகு புதுசைக் கட்டலாம் என்று நினைத்தேன். மூன்று பஸ் மாறி, காமயகவுண்டன்பட்டியில் இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்தேன். தெருவெல்லாம் வைக்கோல் காய்ந்தது.

அவர் வயலுக்குப் போயிருந்தார். அவருடைய அம்மா முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. நாடகக் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். பல் போன இடத்தில் காற்றுப் போய்ப் பேச்சு குழறியது. அசதி வேறு. உட்காரச் சொன்னாள். நான் முழங்காலில் கையை ஊன்றி, ஒரு மூச்சு விட்டு உட்கார்ந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஏழு வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

"இந்த வெயில்ல எதுக்கு இம்புட்டுத் தூரம் அலையுறீக மதினி? நமக்கென்ன சின்ன வயசா?" என்றாள் அந்த அம்மாள்.

மருமகளாகப் போன வீட்டில் என்னை மாமியாருக்கு ஒத்த வயதுக்காரியாக்கி மதினி என்று கூப்பிட்டார்கள். அப்போது எனக்கு வருத்தம் வந்தது என்று எழுதினால் அது பொய். முதலில் வந்தது சந்தோஷம். கோடு போடாமல், வெள்ளை பூசாமல், இரண்டடி தூரத்தில் ஒருத்தி நம்பிவிட்டாள் என்கிற சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் எனக்கு வெட்கம் அதில்தான்.

அவள் மோர் கொடுத்தாள். கூடமாட உரிக்கிறேன் என்று நானும் மொச்சையைக் கையில் எடுத்தேன். ஒத்த வயதுக்காரியிடம் பேசுகிற மாதிரி வீட்டுக் கதையெல்லாம் சொன்னாள். மகன் கம்பெனியில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறானாம். அந்தப் பெண் எங்கே போனாள் என்று தெரியாமல் திண்டுக்கல்லுக்கு இரண்டு தடவை போய்த் தேடிவிட்டு வந்தானாம். சரியாகச் சாப்பிடுவதில்லையாம். தன் தம்பி மகளைக் கட்டி வைக்கலாம் என்றால் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறானாம். அவர் தேடியிருக்கிறார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். முக்காட்டை விலக்கி, நான்தான் அவள் என்று சொன்னால் போதும்.

அப்போது அவள் மொச்சையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"மதினி, நீங்க கூட இருந்தவுக. மறைக்காமச் சொல்லுங்க. அந்தப் புள்ள எங்க வீட்டுக்கு ஒத்து வருமா?"

எத்தனையோ நாடகத்தில் எத்தனையோ பேர் என் கையைப் பிடித்து இப்படிக் கேட்டிருக்கிறார்கள். மூத்தவள் நிதானமாக, தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாமல் பதில் சொல்ல வேண்டும். அந்த வேஷத்துக்கு அதுதான் அழகு. எனக்குப் பதில் தானாக வந்தது.

"நல்ல புள்ளதான் மதினி. ஆனா ஒரு எடத்துல அதுக்குக் கால் தரிக்காது. அத நம்பி ஒங்க மகன ஒக்கார வைக்காதீக. தம்பி மகளையே பாருங்க."

அவள் பெருமூச்சு விட்டாள். யாராவது ஒருவர் இதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன், நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்றாள்.

பிள்ளைகளே, பல்லைப் பிடுங்கிக்கொண்டது தப்பு என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறாள் கிழவி என்று நினைத்திருப்பீர்கள். அது எனக்குச் சோறு போட்டது. பிறகு கட்டுப்பல்லும் வைத்துக்கொண்டேன். அந்த வைத்தியரிடம் இல்லை, வேறு ஊரில். என்னைக் கேட்ட பெண்ணுக்கும் சொல்கிறேன், அம்மா வேஷத்தைத் தாராளமாக ஒத்துக்கொள். தப்பு அந்த முற்றத்தில் நடந்தது. வேலை இல்லாத இடத்தில் ஒருவர் உன்னை வேறு ஆளாக நம்பினால், முதல் நிமிஷத்திலேயே இல்லை என்று சொல்லிவிடு. முதல் நிமிஷத்தில் அது ஒரு சிரிப்போடு போய்விடும். ஒரு டம்ளர் மோர் குடித்த பிறகு கஷ்டம். அவர்கள் வீட்டுக் கதையைக் கேட்ட பிறகு சொல்வதற்கு ரொம்பத் துணிச்சல் வேண்டும். எனக்கு அது இருக்கவில்லை.

நான் எழுந்திருக்கும் நேரத்தில் அவர் வந்துவிட்டார். தோளில் மண்வெட்டி.

"ஏலே, ஒங்க கம்பெனி மதினி வந்திருக்காக பாரு" என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். முக்காடு இருந்தும் தெரிந்துகொண்டார். மண்வெட்டியை இறக்கவில்லை. நான் பேசுவதற்காகக் காத்திருந்தார். அம்மாவின் முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

"சௌக்கியமா தம்பி?" என்றேன்.

அவர் முகத்தில் என்ன வந்தது என்று பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன். மதினியை பஸ் ஏற்றிவிட்டு வா என்று அம்மாதான் அவரை என்னோடு அனுப்பினாள். அரை மைல் நடக்க வேண்டும். பாதி தூரத்தில் அவர் என் வாயைப் பார்த்தார்.

"வலிச்சுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல."

"ஆத்தாகிட்ட என்ன சொன்ன?"

ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். அது வேஷத்துக்காகச் சொன்னதா, நிஜமாகவே உன்னைப் பற்றி நீ நினைப்பதா என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். எந்த ஊரிலும் நான் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. எனக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

ஊர் முனையில் பஸ் நின்றிருந்தது. பெட்ரோல் இல்லாத காலத்துக் கரி பஸ். பின்னால் அடுப்பு மாதிரி ஒரு பீப்பாய். கண்டக்டர் கரியைக் கொட்டி, காற்றாடிக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். புகை பிடித்து இன்ஜின் கிளம்பக் கால் மணி நேரம் ஆகும்.

"நேரம் கெடக்கு" என்றார் அவர். "திரும்பி வா. நாந்தேன் அந்தப் புள்ளன்னு ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. வைவா. வஞ்சுட்டுப் போறா. மத்தத நான் பாத்துக்கிறேன்."

என் கையைப் பிடித்து அந்தரங்கம் பேசியவள் முன்னால் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். நாளை மறுநாள் சேலத்தில் படப்பிடிப்பு இருக்கிறது என்றேன். அது உண்மைதான். ஆறு காட்சி பாக்கி. கண்டக்டர் சுற்றி முடிக்கும் வரை அவர் அங்கேயே நின்றார். இன்ஜின் உறுமியதும் நான் ஏறிக்கொண்டேன். அவர் மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தார். வைகாசியில் தம்பி மகளையே கட்டி வைத்தார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

பஸ்ஸில் கூட்டம். மடியில் பிள்ளையோடு இருந்த ஒரு பெண் நகர்ந்து, பாட்டிக்கு எடம் விடு என்று பிள்ளையிடம் சொன்னாள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும்.

"நான் பாட்டி இல்லம்மா" என்றேன். "எனக்கு இருபத்துநாலு வயசு."

அவள் என் வாயைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு, நான் பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.